காசு என்னும் சொல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காசு என்னும் ஒரே சொல்லைப் பற்றி வாசகர்கள் வெவ்வேறு கோணங்களில் எழுதிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷ்’ என்ற சொல் நம்முடைய காசிலிருந்து போனதுதான் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பாதி சரி. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலிப்பும் ஒத்திருக்கும் இரண்டு ‘கேஷ்’ உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் மேடையில் பெருமிதமும் கீழே மறுப்பும் ஒருசேர எழுகின்றன. ரொக்கப் பணம் என்னும் பொருளில் இன்று உலகெங்கும் வழங்குகிற ‘கேஷ்’, பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே வந்தது. அவற்றுக்கு மூலம் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல். பணம் வைக்கும் பெட்டியின் பெயர், காலப்போக்கில் அதனுள் இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. நம் இலக்கணப்படி இதை இடவாகுபெயர் என்று சொல்லிவிடலாம். இதற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை.

மற்றொரு ‘கேஷ்’, கீழை நாடுகளில் புழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயத்தின் பெயர். இது ஐயத்துக்கிடமில்லாமல் நம் காசுதான். 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைகளில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர், இங்கே காதில் விழுந்த காசு என்னும் சொல்லைத் தம் நாவுக்கு ஏற்பக் ‘காயிஷா’ என்று ஆக்கிக்கொண்டனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான் என்பதால், புதுச்சொல் அவர்களுக்கு அன்னியமாகத் தோன்றவில்லை. மலாக்காவிலும் அதற்கு அப்பாலும் சென்றபோது அங்கே புழங்கிய சீனச் செப்பு நாணயங்களுக்கும் அப்பெயரையே இட்டனர். நடுவில் சதுரத் துளையுடன் வார்க்கப்பட்டு, கயிற்றில் கோத்துச் சரம் சரமாக எண்ணப்பட்ட நாணயங்கள் அவை. சீனர்கள் அவற்றை ‘வென்’ என்று எண்ணினார்களே தவிரக் காசு என்று ஒருபோதும் அழைத்ததில்லை. ஆயினும் ஐரோப்பியர் எழுதிய நாணயவியல் நூல்களில் அவை இன்றளவும் ‘சீனக் கேஷ்’ என்றே இடம்பெறுகின்றன. ஒரு தமிழ்ச் சொல் போர்த்துக்கீசியர் வாய்வழியே சென்று சீன நாணயத்துக்குப் பெயரானது என்பதே, மேடையில் சொல்லத்தக்க செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது, அது உண்மையும்கூட.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கென்று இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்துச் சோஹோ நாணயச்சாலையில் செப்புக் காசுகளை அடித்து வரவழைத்தார்கள். 1803ஆம் ஆண்டு பொறித்த நாணயங்கள் 1, 5, 10, 20 காசு மதிப்புடையவை. மதிப்பை ரோமன் எண்ணிலும் அதனோடு ‘கேஷ்’ என ஆங்கில எழுத்திலும் காணலாம். அவற்றுள் ஒரு காசு நாணயம் ஒரு கிராம் எடைகூட இல்லாதது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. 1808ஆம் ஆண்டு பொறித்த 10, 20 காசு நாணயங்களைப் பெருமளவில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையை விட்டு விலகும் முன்னரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளை மீட்டெடுத்தார்கள். ஒருநாளும் சென்னைக் கடைத்தெருவைக் காணாத அந்த மதராஸ் காசுகள், இன்று நாணயம் சேர்ப்போர் கைகளில் உலகெங்கும் இருக்கின்றன.

கேள்வி: காசு என்பதன் மூலப்பொருள் நாணயம்தானா? அது வடசொல் என்று ஓர் அகராதியில் கண்டேன். (மதுரை வாசகி)

பதில்: மூலத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. பொன், வெள்ளி நிறுக்கும் ஓர் எடையளவுக்கு வடமொழியில் ‘கர்ஷ’ என்று பெயர். அதனடியாகக் காசு பிறந்தது என்பது ஒரு சாரார் கருத்து. கர்ஷத்தோடு ‘பண’ சேர்ந்து ‘கார்ஷாபணம்’ என்ற நாணயப் பெயர் அமைந்தது. பாலி மொழியில் அது ‘கஹாபண’ ஆயிற்று. இக்கருத்தை ஏற்றால் காசு, பணம் என்னும் நம் இரு சொற்களும் ஒரே வடமொழித் தொடரின் இரு துண்டுகள் என்றாகும். பார்க்க அழகாக இருக்கிறது. சொற்பிறப்பில் அழகாக இருப்பவற்றைச் சற்றுக் கூடுதலாகவே ஐயுற வேண்டும். தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே வடிவில் காணப்படுவதால் இது திராவிடச் சொல்லே என்பது மறுசாரார் துணிபு. பழந்தமிழில் இச்சொல் வழங்கிய முறையைப் பார்க்கும்போது இரண்டாவது கருத்தே எனக்குப் பொருந்தி வருகிறது.

ஏனெனில், சங்கப் பாடல்களில் காசு கடைத்தெருவில் இல்லை, உடம்பில் இருக்கிறது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். கிளி ஒன்று தன் வளைந்த அலகில் ஒளிமிக்க வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. பொற்கொல்லன் புதிய நூலில் கோப்பதற்காகத் தன் கூரிய நகங்களுக்கு இடையே ஒற்றைப் பொற்காசைப் பிடித்திருப்பது போல அது தோன்றுகிறது என்கிறார். வேப்பம்பழத்தின் உருவத்தை நினைத்துப் பாருங்கள். அது தட்டையான வட்டம் அன்று. நீண்டு உருண்ட மணி. ஆகவே அந்தப் ‘பொலங்கல ஒருகாசு’ பொன்னணியின் உருண்டை மணியே ஆதல் வேண்டும். அதே தொகையின் 148ஆம் பாடலில், செல்வச் சிறுவர்களின் காலில் அணிந்த, தவளை வாய் போன்ற பொற்கிண்கிணியின் காசு கொன்றையின் அரும்புக்கு உவமையாகிறது. அங்கும் காசு உருண்டையானதே. முறுக்கவிழாத கொன்றை அரும்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் தயிர் கடையும் ஆய்ச்சியரின் கழுத்தில் ‘காசும் பிறப்பும் கலகலப்ப’ என்று ஆண்டாள் பாடுவதும் அணிகலனையே. அச்சுத்தாலி, ஆமைத்தாலி என்று உரையாசிரியர்கள் அவற்றுக்குப் பொருள் சொல்வர். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று யாப்பிலக்கணம் வாய்பாடு வகுத்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்னும் குறளின் இறுதிச்சீராகிய ‘தற்று’ காசு என்னும் வாய்பாட்டில் முடிவது. காசும் பிறப்பும் அங்கே அடுத்தடுத்து நிற்பது, ஆண்டாள் பாசுரத்தில் அவை சேர்ந்து ஒலிப்பதை நினைவூட்டுகிறது.

கோக்கும் பொன்மணிக்கு இருந்த பெயர், பொன்னாலான நாணயத்துக்கு ஆனதென்று கொள்வதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. பொன்னை மாலையாகக் கோத்துக் கழுத்தில் சேமிப்பதும், தேவைப்படும்போது அதிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுப்பதும் ஒரே வீட்டில் நடப்பவை. இன்றைய காசுமாலையில் நாணயம் மீண்டும் அணிகலனாகியிருக்கிறது. காசுமாலையில் பிரிட்டிஷ் தங்க நாணயத்தையே கோத்து அணிந்த காலமும் உண்டு. ‘பவுன்’ என்று நாம் அழைத்த அந்த நாணயத்தின் எடை 8 கிராமுக்கு இம்மியளவு குறைவு. நகைக்கடைகளில் இன்று ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்று கணக்கிடுவது அதனால்தான்.

கேள்வி: ‘காசில் கொற்றத்து இராமன்’ என்று கம்பர் பாடுகிறார். நாடிழந்து கையில் காசில்லாமல் காடு சென்றவன் என்று நண்பர் ஒருவர் பொருள் சொன்னார். பொருந்துமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நண்பரின் நகைச்சுவையைப் பாராட்டலாம், பொருளை ஏற்க இயலாது. காசு என்பதற்குக் குற்றம் என்னும் பொருளும் உண்டு. காசு இல் கொற்றம் என்றால் குற்றமற்ற வெற்றி, பழுதில்லாத அரசாட்சி என்பதே பொருள். பூனை ஒன்று பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட முனைந்தது போல, ஆசையால் இராமன் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்று அவையடக்கம் கூறும் இடத்தில் இத்தொடர் வருகிறது. நாணயத்தைக் குறிக்கும் காசும் குற்றத்தைக் குறிக்கும் காசும் வடிவால் ஒன்றே தவிரப் பொருளால் வெவ்வேறு சொற்கள். அகராதிகளும் அவற்றைத் தனித்தனியாகவே பதிவு செய்கின்றன.

கேள்வி: திருஞானசம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடியதில் வாசி என்பது என்ன? கோயில் கல்வெட்டுகளிலும் காசு வருகிறதாமே? (விழுப்புரம் வாசகர்)

பதில்: நாணயத்தை மாற்றும்போது அதன் தரத்தையோ எடையையோ காட்டிப் பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு வாசி என்று பெயர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுதளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வழங்கினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அப்பர் பெற்ற காசைக் கடையில் அப்படியே ஏற்றுக்கொண்டனர். சம்பந்தர் பெற்றதற்கு வாசி கேட்டனர்; அதனால் அவருடைய திருமடத்தில் அமுதளிக்கக் காலம் தாழ்ந்தது. காரணம் உணர்ந்த சம்பந்தர், வாசி இல்லாத காசாகவே தருக என்று இறைவனிடமே முறையிட்டார். அப்பர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்ததனால் அவருக்கு நற்காசு கிடைத்தது என்று சேக்கிழார் காட்டுவது பக்தி நெறிக்கு உரிய விளக்கம். பொருளியல் நோக்கில் பார்ப்பவர்களுக்கு அப்பாடல், நாணயம் என்றால் அதன் தரம் நோக்கித்தான் வாங்குவார்கள் என்னும் கடைத்தெரு வழக்கத்துக்குச் சான்று.

இத்தொழிலுக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பொன்னையும் நாணயத்தையும் சோதித்துத் தரம் சொல்பவனுக்குப் பழந்தமிழில் ‘வண்ணக்கன்’ என்று பெயர். வடம வண்ணக்கன் பெரிஞ்சாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று சங்கப் புலவர் சிலர் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாணயம் சோதித்த கைகளே கவிதையும் எழுதியிருக்கின்றன.

சோழர் கல்வெட்டுகளில் காசு மிகுதியாக வருகிறது. ‘பழங்காசு’, ‘ஈழக்காசு’, ‘அன்றாடு நற்காசு’ என்று அடைமொழி கொடுத்தே எழுதினார்கள். கொடுத்தது எந்தக் காசு என்று பின்னால் வழக்கு வரக்கூடாது என்னும் எச்சரிக்கை அது. ‘அன்றாடு நற்காசு’ என்றால் அப்போது புழக்கத்தில் இருக்கும் நல்ல நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளித்த காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று ஆண்டுதோறும் வட்டி செலுத்திய செய்தி விரிவாக இருக்கிறது. காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. வங்கியில் கடன் வாங்கியவர்களுக்கு இது அவ்வளவு பழங்காலத்துச் செய்தியாகத் தோன்றாது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய கணக்கேட்டில் சக்கரம், காசு என்று இருக்கிறது. ரூபாய்க்கு எத்தனை காசு? (நாகர்கோவில் வாசகி)

பதில்: உங்கள் பகுதி 1956 நவம்பர் 1 வரையில் தமிழ்நாட்டோடு சேராதிருந்ததால், கணக்கேட்டில் திருவிதாங்கூர் நாணயமுறை இருக்கிறது. அங்கே 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, ஒரு ரூபாய்க்கு 448 காசு.

சென்னை மாகாணத்தில் கணக்கு வேறு. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக அறிவித்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வகுத்தபோது, ஒரு ரூபாய் 12 பணத்துக்கு, அதாவது 960 காசுக்குச் சமமாயிற்று. பிறகு அணாவும் தம்பிடியும் வந்து சென்னைக் காசை ஓரங்கட்டிவிட்டன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் மட்டும் ‘அம்மன் காசு’ 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் பொறித்த சிறிய செப்புக் காசு அது. ஓர் அணாவுக்கு இருபது. நவராத்திரியின்போது அரண்மனையில் அரிசியோடு அதையும் வழங்குவது வழக்கமாக இருந்தது.

பொன்மணியாகத் தொடங்கிய சொல் இப்படி மதிப்பில் கடைசிப் படிக்கு இறங்கி வந்ததைத்தான் நம் வசைச்சொற்கள் காட்டுகின்றன. ‘சல்லிக்காசு பெறாது’, ‘செல்லாக் காசு’, ‘ஒற்றைக் காசு தரமாட்டான்’ என்பவையெல்லாம் காசு செம்பான பிறகு பிறந்த தொடர்களாகவே இருக்க வேண்டும். பொற்காசு புழங்கிய காலத்தில் ஒற்றைக் காசு தரமாட்டேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அதை யாரும் கருமித்தனமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் நாட்டில் டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் தமிழில் எழுதுகிறோம். தமிழ்நாட்டுச் செய்திகளிலோ பைசாவைக் காசு என்கிறார்கள். இலங்கை நண்பர் எல்லாப் பணத்தையும் காசு என்கிறார். எது முறை? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: மூன்றுமே முறைதான், ஒவ்வோர் இடத்திலும் சொல் வெவ்வேறு பருவத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பெருநாணயத்துக்கு ஒரு பெயரும் அதன் கீழ் அலகுக்குக் காசு என்பதும் பழைய முறை. தென்கிழக்காசிய வணிகத்தில் பெரிய நாணயம் வெள்ளியால் ஆனதாக இருந்ததால் அதற்கு உலோகத்தின் பெயரையே இட்டு, சிறியதற்குக் காசு என்பதை உங்கள் முன்னோர் வைத்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு ஒழிந்து ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனபோது, மக்கள் வாயில் பைசாவும் எழுத்தில் காசும் இடம்பிடித்தன. எரிபொருள் விலையைத் தொலைக்காட்சியில் வாசிப்பவர் ‘எழுபத்தைந்து காசுகள்’ என்பார். கடைக்காரர் ‘எழுபத்தஞ்சு பைசா’ என்பார். 2011 சூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையாகிவிட்டதால், இந்த வேறுபாடு இப்போது பெரும்பாலும் பேச்சளவில்தான்.

இலங்கையில் ரூபாயின் நூறில் ஒரு பங்குக்குச் சதம் என்ற பெயர் நிலைத்துவிட்டதால், காசு அந்தச் சிறிய வேலையிலிருந்து விடுபட்டுப் பணம் முழுவதற்கும் பொதுப்பெயராக உயர்ந்திருக்கிறது. ‘காசு அனுப்பினேன்’ என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் அது சில்லறை அன்று. யாழ்ப்பாண மன்னர்கள் நந்தி உருவத்தோடு ‘சேது’ என்று தமிழில் பொறித்து வெளியிட்ட நாணயங்களும் சேதுக் காசு என்றே அறியப்படுகின்றன. சிங்களத்திலும் நாணயத்தைக் ‘காசி’ என்பர். பணத்துக்குச் ‘சல்லி’ என்பர்.

கேள்வி: ‘காசு’, ‘காசுகள்’ எது சரி? பணம், துட்டு என்பவற்றுக்கும் காசுக்கும் எழுத்தில் என்ன வேறுபாடு கொள்ள வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: எண்ணுப்பெயர் முன்னால் வரும்போது ‘கள்’ தேவையில்லை. பத்து ரூபாய் என்கிறோம், பத்து ரூபாய்கள் என்பதில்லை. அதுபோல ஐம்பது காசு என்றாலே போதும். தொல்பொருளாய்வில் கிடைத்த நாணயங்களைத் தனித்தனிப் பொருள்களாகக் கருதிச் ‘சோழர் காசுகள்’ என்று எழுதுவது பொருத்தமே.

துட்டு என்பது டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்னும் செப்பு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. பேச்சில் உயிரோடு இருக்கிறது, கட்டுரைக்கு ஒவ்வாது. காசுக்கும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு மதிப்பில் அன்று, நெருக்கத்தில் இருக்கிறது. கையால் தொட்டுக் கொடுப்பதையும் வாங்குவதையும் காசு என்கிறோம். சொத்து, செல்வாக்கு, பொருளாதாரம் என்று விரியும் இடத்தில் பணம் வருகிறது. பணவீக்கம் என்ற சொல்லில் காசைப் பொருத்திப் பாருங்கள், நிற்காது. காசுக்கடை, காசாளர், காசோலை என்பவற்றில் பணத்தைப் பொருத்தினாலும் அப்படித்தான். காசாளர் என்ற சொல்லை ஆக்கியவர்கள் ஆங்கிலத்துக் ‘கேஷியர்’ என்பதன் ஒலியையும் மனத்தில் கொண்டிருக்கலாம்; கொண்டிருந்தால் அந்தத் துணிவைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதையே சான்றாக வைத்துக்கொண்டு கேஷியர் தமிழிலிருந்து வந்தார் என்று எழுதினால், முதல் கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கும்.